கைநாட்டுப் பார்த்தவர்

தொலைபேசி அடித்தால் எடுப்பார். "ஆர் கதைக்கிறது?" என்று கேட்பார். மறுமுனை பெயரைச் சொன்னதும், "சரி, வையுங்கோ" என்று தானே வைத்துவிடுவார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து நீல மட்டை போட்ட சீ.ஆர். கொப்பியை எடுத்து, அதில் தன் கையால் எழுதி வைத்திருந்த இலக்கத்தைப் பார்த்து, அதே ஆளுக்குத் திரும்ப எடுப்பார்.

"இப்ப சொல்லுங்கோ."

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதைப் பார்த்தபோது, எங்கள் அலுவலகக் கணினிகளுக்குப் பொறுப்பாக இருந்த இந்த அக்காவுக்கு மண்டையில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். கொழும்பிலிருந்த எங்கள் பணிப்பாளருக்கும் இதே மரியாதைதான். ஒருநாள் அந்த மனிதர் கத்தியது ரிசீவரைத் தாண்டி என் கதிரை வரைக்கும் கேட்டது.

"நான்தான் கதைக்கிறன்! என்ர குரல் தெரியேல்லையே உமக்கு?"

"தெரியுது சேர். உங்கட குரல் மாதிரித்தான் கிடக்கு. வையுங்கோ, எடுக்கிறன்."

எடுத்தார். அதற்குள் பணிப்பாளருக்கு, தான் எதற்காக அழைத்தோம் என்பதே மறந்துபோயிருந்தது.

யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம் அது. வெருகல் பக்கத்துக் கரையோரச் சனத்தில் ஒரு பகுதி உடுத்த துணியோடு வெளிக்கிட்டு வந்து, திருகோணமலை நகரத்தைச் சுற்றிப் பள்ளிக்கூடங்களிலும் தறப்பாள் கொட்டில்களிலும் இருந்தது. எங்கள் நிறுவனத்தின் வேலை அவர்களைப் பதிந்து, உலர் உணவுக்கான பட்டியலைக் கொழும்புக்கு அனுப்புவது. துறைமுகத்தை ஒட்டிய வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒழுங்கையில் பழைய வீடொன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மேல்மாடி யன்னலைத் திறந்தால் உள்துறைமுகத்தின் தண்ணீர் தெரியும். கீழ்யன்னலைத் திறந்தால் ஒழுங்கை முடக்கில் இராணுவத்தின் சென்றி தெரியும். மண்மூட்டை, தகரக் கூரை, அதற்குள் ஒரு தொப்பி.

பட்டியல்களை வைத்திருந்த கணினிகள், அக்காவின் இரண்டு சேர்வர்களும், அந்த வீட்டின் குசினியில் இருந்தன. புகைக்கூண்டுக்குக் கீழே, முன்னொரு காலத்தில் விறகடுப்பு எரிந்த சீமெந்துத் திட்டில் அவற்றை வைத்திருந்தார். எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் கரி மறையாத சுவர். புதிதாகப் பூட்டிய குளிரூட்டி ஒருபக்கம் உறுமிக்கொண்டிருக்கும். அந்த அறைக்கு வேறு பெயர் யாரும் வைக்கவில்லை. "நான் குசினிக்குப் போறன்" என்று சொல்லி எழும்பினால், அக்கா வேலை செய்யப் போகிறார் என்று அர்த்தம்.

அவருக்கு முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயது இருக்கும். கொழும்பில் ஒரு வங்கியின் கணினிப் பகுதியில் இருந்துவிட்டு, தகப்பனுக்குச் சுகமில்லை என்று ஊருக்குத் திரும்பி வந்தவர். மண்ணிறச் செருப்பு, கொண்டையில் குத்திய பேனை, பெண்கள் ஓடும் பழைய சைக்கிள். விளங்கப்படுத்தச் சொன்னால் கோபம் வரும். "சொல்லத் தெரிஞ்சா நான் ரீச்சரா எல்லோ போயிருப்பன்" என்பார்.

நான் பதிவுப் பகுதி. அக்கா மெசின், நான் பட்டியல். எங்கள் இருவருக்கும் ஒத்துவராமல் போனதற்கு அதுவே காரணம் என்று இப்போது தோன்றுகிறது. எனக்குப் பட்டியல் போகவேண்டும். அவருக்கு, அது யாரிடம் போகிறது என்று தெரியவேண்டும்.

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் எல்லாரும் கைநாட்டு. அம்மாவும் இரண்டு தங்கைமாரும் அந்த முகாம்களில் ஒன்றில்தான் இருந்தார்கள். அவர்களுடைய படிவத்தையும் நானே நிரப்பினேன். படிவத்தின் கடைசி நிரல், 'தற்போது குடும்பத்துடன் இல்லாதவர்கள்.' பெயர், வயது, காரணம். அதில் தம்பியின் பெயரை எழுதினேன். வயது பத்தொன்பது. காரணம் என்ற இடத்தில் 'தெரியாது' என்று எழுதினேன். எழுதாமலே விட்டிருக்கலாம். படித்தவன் படிவத்தில் வெறும் கட்டம் விடக்கூடாது என்ற பெருமை எனக்கு.

அந்த நாட்களில் வீட்டில் இல்லாத பத்தொன்பது வயதுப் பொடியன் என்றால் ஆளுக்கொரு அர்த்தம் எடுப்பார்கள்: ஆமிக்கு அவன் இயக்கம், இயக்கத்துக்கு அவன் ஓடி ஒளிந்தவன். எந்தப் பக்கத்தின் கையில் அந்த நிரல் கிடைத்தாலும் ஒரு வீட்டுக் கதவு தட்டப்படும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஆயிரக்கணக்கான பெயர்களைத் தட்டச்சு செய்கிறவனுக்குப் பெயர்கள் கொஞ்சநாளில் வெறும் எழுத்தாகிவிடும்.

அலுவலகத்தில் அக்காவுக்கு வைத்திருந்த பட்டம் சென்றியக்கா. வைத்தது எங்கள் வான் சாரதி நசார் நானா.

"இந்தப் புள்ளைக்கு சலாம் சொன்னாலும் ஐசி கேக்கும்" என்பார் நானா. ஐசி என்றால் அடையாள அட்டை.

ஒருநாள் அது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. அவர் கோபிப்பார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவரோ தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, மிகவும் நிதானமாக, பிழை திருத்துகிற மாதிரிச் சொன்னார்.

"நானா, சென்றியில நிக்கிறவர் என்ர ஐசியைப் பாப்பார். தன்ரயைக் காட்டமாட்டார். என்ர மெசின் அப்பிடி இல்லை. அங்கால நிக்கிற மெசின் தன்ர ஐசியைக் காட்டவேணும், என்ர மெசினும் காட்டும். ரெண்டு பேரும் காட்டினாப் பிறகுதான் கதை. அதால என்னைச் சென்றி எண்டு சொல்லாதேங்கோ. அது பிழை."

"அப்ப என்னெண்டு சொல்லுறது?"

"பேரைச் சொல்லுங்கோவன். பேர் வைச்சுத்தானே கிடக்கு."

நானா அதற்குப் பிறகும் சென்றியக்கா என்றுதான் சொன்னார். நான் மட்டும் சொல்லவில்லை.

அக்காவுக்கு வெளிநாட்டுச் சம்பந்தம் ஒன்று பேசி வந்த கதையையும் நானாதான் சொன்னார். மாப்பிள்ளை கனடாவில். படம் வந்தது, சாதகம் வந்தது, கடைசியில் தொலைபேசி வந்தது. மாப்பிள்ளை தன் பெயரைச் சொன்னாராம். அக்கா வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தாராம். அதுவரைக்கும் அந்த மனிதர் பொறுத்திருக்கிறார். பிறகு அக்கா கேட்டாராம்: "உங்கட ஊர் ஒழுங்கை முடக்கில என்ன இருந்தது?" மனிதர் சைக்கிள் கடை என்றாராம். அக்கா அந்த ஊரில் ஒரு சிநேகிதியிடம் முன்பே விசாரித்து வைத்திருந்தார். அது அரிசி ஆலை.

"பதினைஞ்சு வருசம் வெளியில இருந்தவன் மறந்திருப்பான்தானே, புள்ள?" என்று நானா கேட்டதற்கு, "இருக்கும் நானா. அவர் நல்லவராயும் இருக்கலாம். ஆனா அவர்தான் அவர் எண்டு எனக்குத் தெரியேல்லை" என்றாராம். கதை அதோடு முடிந்தது.

இதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இப்படியே போனால் இந்த மனுசிக்கு உலகத்தில் யார்தான் மிஞ்சுவார்கள்?

முதலில் பட்டியலை இறுவட்டில் பதிந்து நானாவின் வானில்தான் கொழும்புக்கு அனுப்பினோம். வழியில் எத்தனையோ சோதனைத் தடையில் இறங்கி ஏறவேண்டும். ஒருமுறை ஒரு தடையில் இறுவட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து, கீறல்கூட இல்லாமல் திருப்பித் தந்தார்கள். எங்கள் பொறுப்பதிகாரிக்கு ஒரே சந்தோசம்.

அக்கா கேட்டார்: "ரெண்டு நாளும் இது எங்க இருந்தது?"

"அதுதான் திரும்பி வந்திட்டுதே."

"வந்தது தெரியுது சேர். எங்க இருந்தது?"

அதற்குப் பிறகு அவர் இறுவட்டு கொடுக்கவில்லை. குசினியிலிருந்த மெசினிலிருந்து கொழும்பு மெசினுக்கு நேரடியாகப் பட்டியல் போகிற மாதிரிச் செய்கிறேன் என்றார். எங்கள் இணையக் கம்பி நகரத்தில் இன்னும் நாலைந்து இடங்களோடு பங்குபோட்ட கம்பி. கொழும்புக்குப் போய்ச் சேருமுன் அது எத்தனை கைகளைத் தாண்டுகிறதென்று எங்களுக்குத் தெரியாது. அதனால் எழுத்து முழுவதையும் பூட்டி அனுப்பவேண்டும். பூட்டினால் மட்டும் காணாது, திறக்கிறவன் யாரென்றும் தெரியவேண்டும். எங்கள் மெசினிலிருந்து வெளியே போக ஒரேயொரு வாசல், அது போய்த் தட்ட ஒரேயொரு கதவு, மற்ற எல்லாம் அடைப்பு. கதவைத் திறக்கிற கொழும்பு மெசின் தன் சான்றிதழைக் காட்டவேண்டும். ஒவ்வொரு சான்றிதழுக்கும் அதிலிருந்தே கணக்கிட்டு எடுக்கிற நாற்பது எழுத்து அடையாளம் ஒன்று உண்டு. அக்கா அதைக் கைநாட்டு என்பார். "பேரை ஆரும் போடலாம், தம்பி. கைநாட்டை வேற ஆள் வைக்கேலாது." எங்கள் வீட்டில் வெட்கப்பட்டு மறைத்த ஒரு சொல்லை அவர் அவ்வளவு மரியாதையோடு சொல்லக் கேட்டது எனக்குப் புதிது.

கொழும்பிலிருந்த பொறியாளர் ஒரு சிங்களப் பொடியன், நல்ல சுபாவம். கைநாட்டை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன் என்றான். அக்கா அதை ஒத்துக்கொள்ளவில்லை. தொலைபேசியில் வாசிக்கச் சொன்னார். அந்த நாற்பதில் இலக்கங்களும், ஏ முதல் எஃப் வரையான ஆறு ஆங்கில எழுத்துகளும் கலந்து வரும். கம்பியில் பீயும் டீயும் ஒரே மாதிரித்தான் கேட்கும். அதனால் எழுத்துக்கு ஓர் ஊர்ப்பெயர் என்று வைத்துக்கொண்டார்கள். ஏ என்றால் அனுராதபுரம், பி பதுளை, சி கொழும்பு, டி தம்புள்ளை, ஈ எல்ல, எஃப் கொழும்புக் கோட்டை, ஆங்கிலத்தில் ஃபோர்ட்.

அன்றைக்குக் குளிரூட்டி பழுது. குசினி யன்னல் திறந்து கிடந்தது. அக்கா கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துகிறார், உரத்த குரலில், சிங்களத்தில்: "கோட்டை, ரெண்டு. கொழும்பு, கொழும்பு, ஏழு. தம்புள்ளை, ஒன்பது, மூண்டு. அனுராதபுரம், நாலு..."

யுத்த காலத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், சென்றியிலிருந்து இருபது முழத்தில்.

ஐந்தாவது நிமிடத்தில் வாசலில் ஓர் அதிகாரியும் துவக்கோடு இரண்டு பேரும் நின்றார்கள். பொறுப்பதிகாரி கதிரையிலிருந்து பாதி எழும்பி, அப்படியே நின்றுவிட்டார்.

"ஆர் இப்ப கதைச்சது? கோட்டையில ரெண்டு என்ன? தம்புள்ளையில என்ன?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

அக்கா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எழும்பினார். "நான்தான். சொல்லுறன். முதல் உங்கட ஐசியை ஒருக்கா காட்டுவீங்களா?"

அதிகாரி அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். பிறகு, எங்களில் ஒருவரும் நம்பவில்லை, சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். அக்கா படத்தையும் முகத்தையும் பார்த்தார். தன்னுடைய அடையாள அட்டையை எடுத்து அவரிடம் கொடுத்தார். அதன்பிறகு கொப்பியையும் திரையையும் காட்டி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அதிகாரி கொப்பியை வெகுநேரம் பார்த்தார்.

"இதை ஈமெயிலில அனுப்பேலாதோ?"

"ஈமெயிலைக் கொண்டுவாறது ஆரெண்டு தெரியாதே."

அவர் சிரிக்கவில்லை. "ஊர்ப்பேர் வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாளிலிருந்து ஏ அப்பிள், பி பிஸ்கற், சி சொக்லேற், டி டொபி, ஈ எக்லெயார்ஸ், எஃப் பலூடா. நாற்பது எழுத்தை வாசித்து முடிக்கும்போது அலுவலகம் முழுவதற்கும் பசி வந்துவிடும்.

இணைப்பு வேலை செய்தது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் பட்டியல்கள் ஒரு தடையிலும் இறங்காமல் கொழும்புக்குப் போயின. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை போகவில்லை. திரையில் ஒரு சிவப்பு வரி: எதிர்முனையின் சான்றிதழ் பொருந்தவில்லை.

அடுத்த நாள் மதியத்துக்கு முன் பட்டியல் கொழும்பில் இருக்கவேண்டும். தவறினால் அந்தச் சுற்று அரிசி எங்கள் முகாம்களுக்கு இல்லை. அடுத்த சுற்று இரண்டு வாரத்துக்குப் பிறகு. அம்மாவின் கொட்டிலில் மூன்று நாளைக்குத்தான் அரிசி இருந்தது என்பதை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

பத்து மணிக்கு ஓர் அழைப்பு. நல்ல தமிழில் ஒரு குரல், கொழும்பு அலுவலகத் தொழில்நுட்பப் பகுதி என்றது, ஒரு பெயரும் சொன்னது. சான்றிதழை மாற்றிவிட்டோம், இப்போதைக்குச் சரிபார்ப்பை நிறுத்திவிட்டு அனுப்புங்கள் என்றது. அக்கா வழக்கம்போல வைத்தார். கொப்பியில் அந்தப் பெயர் இல்லை. தலைமை அலுவலக இலக்கத்துக்கு எடுத்தார். எங்கள் பொறியாளன் ஊருக்குப் போய்விட்டான், வியாழக்கிழமைதான் வருவான் என்றாள் அங்கிருந்த பெண். அந்தப் பெயரில் ஆள் இருக்கிறாரா என்று கேட்டதற்கு, "புது ஆக்கள் கனபேர் வந்திருக்கினம் மிஸ், எனக்கு எல்லாரையும் தெரியாது" என்றாள்.

"அதுதானே! புது ஆள்" என்றார் பொறுப்பதிகாரி. "நிப்பாட்டிப் போட்டு அனுப்புங்கோ."

"ஏலாது சேர்."

"ஒரு வரிதானே மாத்தவேணும்?"

"ஓம், ஒரு வரிதான். அதுக்குப் பிறகு ஆர் கதவைத் திறந்தாலும் இந்த மெசின் குடுத்திடும்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, உங்கட அம்மா தறப்பாளுக்குக் கீழ இல்லைத்தானே. அதுதான் உங்களுக்கு இது பகிடி" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குச் சைக்கிளில் போய்விட்டார்.

அவசரத்துக்குத் தேவைப்படும் என்று கடவுச்சொல்லை எழுதி, உறையிலிட்டு, ஒட்டின் குறுக்கே கையெழுத்தும் போட்டு அவரே பொறுப்பதிகாரியின் அலுமாரியில் வைத்திருந்தார். பொறுப்பதிகாரி அதை எடுத்து என் கையில் தந்தார். "உமக்குத் தெரியும்தானே? செய்யும்."

எனக்குத் தெரியும். கணினி வகுப்புக்குப் போனவன், அவர் செய்வதைப் பார்த்தும் இருந்தேன். உறையைக் கிழித்தேன். குசினிக்குள் போய் அந்த வரியைக் கண்டுபிடித்தேன். 'சரிபார்: ஆம்' என்ற கருத்தில் இருந்ததை 'இல்லை' என்று மாற்றினேன். சேவையை நிறுத்தித் திரும்பத் தொடங்கினேன். பட்டியல் போகப் போகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, திரை இன்னொரு கடவுச்சொல் கேட்டது.

உறையில் அது இல்லை. எங்கள் மெசின் தன்னை யாரென்று காட்டுகிற திறப்பை, அதன் சாவியை, அக்கா தனியாகப் பூட்டியிருந்தார். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அது கேட்கும் சொல் அவர் ஒருவரின் மண்டைக்குள் மட்டும் இருந்தது. இப்போது பழையபடி மாற்றினாலும் தொடங்காது. திறக்கப் போய்க் கதவை இறுக்கிவிட்டு நின்றேன்.

இரண்டு மணிக்கு வந்தார். அடுப்புத் திட்டில் கிழிந்த உறை கிடந்தது.

"ஆர் திறந்தது?"

"நான்தான் அக்கா."

"சேர் சொல்லியோ, நீங்களாவோ?"

"ரெண்டும்."

கதிரையை இழுத்து இருந்தார். முதல் வேலையாக அந்த வரியைப் பழையபடி 'ஆம்' என்று மாற்றினார். பிறகு விரல்களை எழுத்துப் பலகைமேல் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். சத்தம் போடவில்லை.

"தம்பி, அந்தப் பட்டியலில உங்கட ஆக்கள் இருக்கினமா?"

"ஓம்."

"அங்கால இப்ப கதவடியில நிக்கிறது ஆரெண்டு சொல்லுங்கோ. பேர் ஒண்டும் வேண்டாம், நிச்சயமாத் தெரியும் எண்டு மட்டும் சொல்லுங்கோ. வரியை மாத்தி, சொல்லை அடிச்சு விடுறன்."

குளிரூட்டி உறுமியது. பத்தொன்பது, தெரியாது என்று நானே எழுதிய எழுத்து என் கண்ணுக்குள் வந்தது. அது மட்டுமல்ல, அதற்கு மேலும் கீழும் நான் யோசிக்காமல் தட்டிய பெயர்கள், பதினேழு, இருபத்தொன்று, பதினெட்டு. பல படிவங்களில் தாய்மாரின் பெருவிரல் மையைக்கூட நான்தான் துடைத்துவிட்டேன்.

"தெரியாது அக்கா" என்றேன்.

"எனக்கும் தெரியாது." விரல்களை எடுத்துவிட்டார். கொண்டையிலிருந்த பேனையை உருவினார். "சரி. அரிசிக்கு எந்த நிரல் வேணும்?"

எனக்கு விளங்கவில்லை.

"அரிசி குடுக்கிறவனுக்கு என்ன தெரியவேணும்? பேரோ?"

யோசித்தேன். எத்தனை மாதமாக அந்தப் படிவத்தோடு கிடந்தவன், ஒருநாளும் இதை யோசிக்கவில்லை. "எந்த முகாம். எத்தனை குடும்பம். எத்தனை தலை, எத்தனை சின்னப் பிள்ளையள்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அப்ப அதை மட்டும் கடதாசியில எடுங்கோ. அது ஆரின்ர கையில விழுந்தாலும் பறுவாயில்லை."

அன்று பொழுதுபடும் வரைக்கும், மறுநாள் காலை ஏழு மணியிலிருந்தும், முகாம் முகாமாகப் படிவங்களை எண்ணினோம். நான் படிவத்தைப் பார்த்து எண்ணிக்கை சொல்ல, அக்கா தாளில் எழுதித் திருப்பிச் சொன்னார். பெயர் ஒன்றையும் சொல்லவிடவில்லை. பொறுப்பதிகாரி இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாம் தரம் தானும் ஒரு கட்டுப் படிவத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். பத்தரைக்கு ஃபக்ஸ் போனது. போனவுடன் அக்கா கொழும்புக்கு எடுத்து, வந்து சேர்ந்த தாளைக் கடைசி வரி வரைக்கும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அங்கிருந்தவர் அலுத்துக்கொண்டார். பெயரில்லாப் பட்டியலை ஒத்துக்கொள்ள முடியாது என்று ஒருவர், இந்தமுறை மட்டும் பார்க்கலாம் என்று இன்னொருவர். அரிசி வந்தது, வரவேண்டிய நாளுக்கு ஒருநாள் பிந்தி.

வியாழக்கிழமை பொறியாளன் வந்தான். அக்கா அவனுடைய இலக்கத்துக்கு எடுத்து, அவனுடைய மெசினின் முன்னால் இருந்து கைநாட்டை வாசிக்கச் சொன்னார். பலூடா, ரெண்டு, சொக்லேற், சொக்லேற், ஏழு. கொப்பியில் இரண்டு மாதத்துக்கு முன் எழுதியது எதுவோ அதுதான். ஓர் எழுத்து மாறவில்லை.

"நாங்கள் ஒண்டும் மாத்தேல்லையே அக்கா" என்றான். அப்படியொரு பெயரில் அங்கே ஆளும் இல்லை.

ஆனால் செவ்வாய்க்கிழமை எங்கள் மெசினுக்குக் காட்டப்பட்ட கைநாட்டையும் அக்கா கொப்பியில் எழுதி வைத்திருந்தார். அது முற்றிலும் வேறு. கொழும்புக்கும் எங்களுக்கும் நடுவில், அந்தக் கம்பியில் எங்கேயோ, கொழும்பின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஏதோ ஒன்று நின்றிருக்கிறது. வெள்ளிக்கிழமை அது இல்லை. பழைய முகம் திரும்பி வந்துவிட்டது. யார், எந்தப் பக்கம், எதற்கு? அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. நாங்கள் ஊகித்தோம்; ஆளுக்கொரு பக்கத்தைச் சொன்னோம். அக்கா சொல்லவில்லை.

"தெரியாததைத் தெரியாது எண்டு விடுங்கோ. அது கொழும்பு இல்லை. அவ்வளவு தெரிஞ்சாக் காணும்."

பொறுப்பதிகாரி மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதிய உறை ஒன்றை மட்டும் அக்காவின் மேசையில் கொண்டுவந்து வைத்தார். அக்கா எழுதி, ஒட்டி, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஒட்டுக் காயட்டும் சேர், உடன கிழிக்கேலாது." அந்த வருடத்தில் அலுவலகம் முழுவதும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குப் போனேன். அம்மா என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டா.

"ஏன்ரா ஒருநாள் பிந்தினது? சின்னவள் வெறும் தேத்தண்ணியோட படுத்தவள். கந்தோரில இருந்து என்ன செய்யிறியள்?"

"அங்க ஒரு அக்கா அனுப்பவிடேல்லை, அம்மா."

"ஆரவ? அவவுக்குப் பசி தெரியாதோ?"

சொன்னேன். மெசின், சான்றிதழ் என்றெல்லாம் சொல்லவில்லை. பட்டியலில் தம்பியின் பெயர் இருந்ததென்றும், அது யாரோ தெரியாதவர்களின் கைக்குப் போக இருந்ததென்றும், அவ விடவில்லையென்றும் சொன்னேன். அம்மா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தா. தம்பி பிறகு உயிரோடு வந்து சேர்ந்தான். அது வேறு கதை, அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. நான் வெளிக்கிடும்போது, கொட்டிலின் பின்பக்கம் காயப்போட்டிருந்த நெத்தலியைக் கூட்டி அள்ளி, பத்திரிகைத் தாளில் சுற்றிக் கையில் வைத்தா.

"அந்தப் பிள்ளையிட்டக் குடு."

திங்கட்கிழமை காலை குசினிக்குள் போய்ப் பொட்டலத்தை நீட்டினேன். கருவாட்டு மணம் சேர்வர்களுக்கு மேலாகப் பரவியது.

"என்ன இது? ஆர் தந்தது?"

"அம்மா தந்து விட்டவ."

வாங்கிக்கொண்டார். மணந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "அம்மாவுக்குப் பேர் என்ன?"

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "பேர் பட்டியலில கிடக்குதே அக்கா. இத்தனை மாதமா உங்கட மெசினுக்குள்ளதானே இருக்குது. நீங்கள் பாக்கேல்லையோ?"

"அதை நான் ஏன் பாக்கிறன்?" என்றார், நான் ஏதோ அசிங்கமாகக் கேட்டுவிட்ட மாதிரி. "அது உங்கட ஆக்கள் உங்களிட்டச் சொன்னது. நான் ஒருநாளும் திறக்கேல்லை."

நான் அம்மாவின் பெயரைச் சொன்னேன். அக்கா அதை ஒருதரம் மெல்லத் திருப்பிச் சொன்னார், எழுத்தெழுத்தாக.

"சரியா?"

"சரி அக்கா" என்றேன்.